கெண்டைக்கால் வற்றுகிறதா? இதய நோயாளிகள் வீட்டிலேயே அளந்து தசையை மீட்கும் முறை

நெஞ்சுவலி வந்து, ஸ்டென்ட் வைத்து, வீட்டுக்கு வந்து சேர்ந்தவருக்கு ஊரில் கிடைக்கும் முதல் யோசனை, "அலட்டிக்காம கிடங்க" என்பதுதான். பாளையங்கோட்டை என்றாலும் பாபநாசம் என்றாலும் இதில் மாற்றம் இல்லை. காலையில் கஞ்சி, பதினொரு மணிக்கு ரஸ்க், மத்தியானம் ரசம் சோறு, மீதி நேரமெல்லாம் கட்டில். இரண்டு மாதத்தில் சட்டை தொளதொளவென்று தொங்கும். பார்க்க வருகிறவர்கள், "உடம்பு குறைஞ்சது நல்லதுதான், இதயத்துக்குப் பாரம் குறையும்" என்பார்கள். குறைந்தது கொழுப்பா, தசையா என்று யாரும் கேட்பதில்லை. இப்படிப் படுத்துக் கஞ்சி குடித்துக் குறைகிற எடையில் கணிசமான பங்கு தசைதான்.

ஆரோக்கியமான முதியவர்களைப் 10 நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்த ஓர் ஆய்வில், கால்களில் மட்டும் ஏறக்குறைய 1 கிலோ தசை போயிற்று. நோயில்லாதவர்களுக்கே அந்தக் கதி.

வயதாக ஆகத் தசை குறைவதற்கு மருத்துவத்தில் சார்கோபீனியா என்று பெயர். இர்வின் ரோசன்பர்க் என்ற அமெரிக்க மருத்துவர் 1989இல் வைத்த பெயர். கிரேக்கத்தில் "சதைப் பஞ்சம்" என்று பொருள் வரும். முப்பது வயதைத் தாண்டினால் பத்து வருடத்துக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறையும், அறுபதுக்கு மேல் வேகம் கூடும். இது எல்லோருக்கும் நடப்பது. இதய நோய் சேர்ந்துகொண்டால் அதே வேலை இன்னும் வேகமாக நடக்கும்.

தசைக்கும் இதயத்துக்கும் உள்ள கொடுக்கல் வாங்கல்

சாப்பிட்ட பிறகு இன்சுலின் தள்ளிவிடும் சர்க்கரையில் பெரும்பகுதியை வாங்கி வைத்துக்கொள்வது எலும்போடு ஒட்டிய தசைகள்தான். அந்தக் கிடங்கு சுருங்கினால் சர்க்கரை இரத்தத்திலேயே தங்கும், இரத்தக் குழாய் கெடும், பிறகு இதயம். இன்னொரு பக்கம், கெண்டைக்கால் ஆடுசதை ஒரு பம்பு. நடக்கும்போது அது சுருங்கிச் சுருங்கிக் காலில் இறங்கிய இரத்தத்தை மேலே தள்ளுகிறது. அது வற்றிப் போனால் இரத்தம் காலிலேயே தேங்கும்; சாயங்காலம் பார்த்தால் செருப்பு வார் பதிந்த தடம் தெரியும். தசை பலமில்லாதவருக்கு மாடிப்படி ஏறுவதே பெரிய வேலையாகி, அதே படிக்கு இதயம் கூடுதலாகத் துடிக்க வேண்டியிருக்கும்.

எதிர்த்திசையிலும் இது ஓடும். இதயத்தின் பம்பு பலம் குறைந்தவர்களுக்குத் தசைக்குப் போகும் இரத்தம் குறைகிறது, உடம்பில் அழற்சி கூடித் தசைப் புரதம் உடைகிறது, குடலில் நீர் கோத்துப் பசி போகிறது. மூச்சு இரைக்கிறதே என்று நடமாட்டத்தைக் குறைப்பார்கள். நடமாட்டம் குறையத் தசை வற்றும்; தசை வற்ற, முன்பு இரைக்காத வேலைக்கும் இரைக்கும். செக்கு மாடு சுற்றுகிற மாதிரிதான்.

இந்தியா உட்பட 17 நாடுகளில் ஏறக்குறைய 1,40,000 பேரைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2015இல் வெளிவந்தது. கைப்பிடி பலம் 5 கிலோ குறையக் குறைய, இதய நோயால் இறக்கும் வாய்ப்பு 17 சதவீதம் கூடியிருந்தது. ஆயுளைக் கணிப்பதில் பிபியின் மேல் எண்ணைவிடக் கைப்பிடி தெளிவாகச் சொன்னது. கைப்பிடியை மட்டும் இறுக்கிப் பழகினால் இதயம் சரியாகிவிடும் என்று இதற்கு அர்த்தமில்லை. கைப்பிடி என்பது உடம்பு முழுவதிலும் உள்ள தசைக்கு ஒரு சோற்றுப் பதம்.

முதலில் அளந்து பாருங்கள்

எடை மெஷினை மட்டும் நம்பாதீர்கள். இதயம் பலவீனமானவருக்கு 3 கிலோ தசை போய் 3 கிலோ நீர் ஏறினால், மெஷின் அதே எண்ணைத்தான் காட்டும்.

வேண்டியது டெய்லர் டேப் ஒன்று, கை வைக்காத நாற்காலி ஒன்று, செல்போனில் உள்ள ஸ்டாப்வாட்ச்.

நாற்காலியில் உட்கார்ந்து பாதத்தைத் தரையில் பதித்து, முழங்காலைச் செங்கோணமாக வையுங்கள். டேப்பைக் கெண்டைக்காலில் மேலும் கீழும் நகர்த்தி, மிகவும் பருமனான இடத்தைக் கண்டுபிடியுங்கள். சதை அமுங்காமல் டேப் ஒட்டி நிற்க வேண்டும். ஆசிய நாடுகளின் மருத்துவர் குழு 2019இல் வகுத்த வரம்புப்படி ஆண்களுக்கு 34 செ.மீ.க்குக் கீழ், பெண்களுக்கு 33 செ.மீ.க்குக் கீழ் இருந்தால் சந்தேகப்பட வேண்டும். டேப் இல்லையென்றால் இரண்டு கைக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வளையமாக்கிக் கெண்டைக்காலைச் சுற்றிப் பிடியுங்கள். வளையத்துக்கும் காலுக்கும் நடுவே இடைவெளி தெரிந்தால் தசை குறைந்திருக்க வாய்ப்பு அதிகம்.

இங்கேதான் பலர் ஏமாறுவார்கள். அளப்பதற்கு முன் கணுக்காலுக்குச் சற்று மேலே, முன்னங்கால் எலும்பின் மேல் கட்டைவிரலால் 5 விநாடி அழுத்தி எடுங்கள். மாவில் விரல் பதித்த மாதிரி குழி நின்றால், அது நீர். வீங்கிய காலின் 35 செ.மீ. உங்களுக்கு எதையும் சொல்லாது. நீர் வடிந்த பிறகு, காலையில் படுக்கையை விட்டு எழுந்ததும் அளக்க வேண்டும்.

அடுத்து நாற்காலிச் சோதனை. நாற்காலியின் முதுகைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி மொசைக் தரையில் வழுக்கும். கைகளை நெஞ்சில் குறுக்கே கட்டிக்கொண்டு 5 முறை முழுதாக எழுந்து உட்காருங்கள். 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால் கால் பலம் குறைவு. கையை ஊன்றாமல் எழவே முடியவில்லை என்றால் கடிகாரமே தேவையில்லை. பைபாஸ் ஆகி நெஞ்செலும்பு இன்னும் கூடாதவர்கள், எழுந்தால் கிறக்கம் வருகிறவர்கள் இதைத் தனியாகச் செய்யக் கூடாது.

நடைவேகத்துக்கு வீட்டு டைல்ஸே போதும். 2 அடி டைல்ஸ் 10 வரிசை என்றால் சுமார் 6 மீட்டர். இரண்டு டைல்ஸ் முன்னாலேயே நடக்கத் தொடங்கி, வழக்கமான நடையில் அந்தப் பத்தைக் கடக்க 6 விநாடிக்கு மேல் ஆனால் நடை தளர்ந்துவிட்டது. கைப்பிடியைச் சரியாக அளக்கக் கருவி வேண்டும்; பிசியோதெரபி பிரிவுகளில் இருக்கும். ஆண்களுக்கு 28 கிலோ, பெண்களுக்கு 18 கிலோ கீழ்வரம்பு. துணி பிழிய முடியவில்லை, பாட்டில் மூடி திறக்க வரவில்லை, தண்ணீர்க் குடத்தை இடுப்புக்குத் தூக்க முடியவில்லை என்பதெல்லாம் அதே செய்திதான்.

எண்களைத் தேதியோடு சமையலறை நாள்காட்டியின் ஓரத்தில் எழுதி வையுங்கள்.

யார் இப்போது தொடங்கக் கூடாது

ஓய்வாக இருக்கும்போதே பிபி 180/110க்கு மேல் இருப்பவர்கள், உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சுவலியோ மூச்சிரைப்போ வருகிறவர்கள், 3 நாளில் 2 கிலோ எடை ஏறியவர்கள், காய்ச்சல் உள்ளவர்கள், வால்வு மிகவும் சுருங்கியிருக்கிறது என்று சொல்லப்பட்டவர்கள் முதலில் மருத்துவரிடம் போக வேண்டும். மாரடைப்போ ஆஞ்சியோவோ ஆனவர்கள் எந்த வாரத்தில் எடைப் பயிற்சி தொடங்கலாம் என்பதை இதய மருத்துவரிடம் கேளுங்கள். "பயிற்சி செய்யலாமா" என்று பொதுவாகக் கேட்டால் "மெதுவா நடங்க" என்றுதான் பதில் வரும். "நாற்காலியில் 8 முறை எழுந்து உட்காரலாமா, ஒரு லிட்டர் பாட்டிலைத் தூக்கலாமா" என்று கேளுங்கள். பதிலும் அதே அளவு தெளிவாகக் கிடைக்கும்.

பைபாஸ் ஆனவர்கள் நெஞ்செலும்பு கூடும் வரை, அதாவது 8 முதல் 12 வாரம், கையை ஊன்றி எழுவது, சுவரைத் தள்ளுவது, குடம் தூக்குவது எதுவும் கூடாது. கால் பயிற்சியை மருத்துவர் சொன்னபடி செய்யலாம்.

பயிற்சி நடுவில் நெஞ்சு இறுக்கம், இடது கை அல்லது தாடையில் வலி, வழக்கத்துக்கு மாறான வியர்வை, கண் இருட்டல் வந்தால் உடனே நிறுத்தி உட்காருங்கள். நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை மருத்துவர் கொடுத்திருந்தால், உட்கார்ந்த பிறகுதான் வைக்க வேண்டும். நின்றுகொண்டு வைத்தால் பிபி சட்டென்று இறங்கி விழுந்துவிடுவீர்கள். வலி அடங்கவில்லையென்றால் 108. பக்கத்து வீட்டுப் பைக்கில் ஏறிப் போக வேண்டாம்.

நடை மட்டும் போதாது

பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தை வருடக்கணக்கில் சுற்றி வருகிறவர்களுக்கும் கால் சதை வற்றியிருப்பதைப் பார்க்கலாம். நடை இதயத்துக்கும் மூச்சுக்கும் நல்லது, விடக் கூடாது. ஆனால் தசை வளர, அது வழக்கமாகத் தூக்காத பாரத்தைத் தூக்க வேண்டும். சமதளத்தில் நடக்கும்போது அந்தப் பாரம் கிடைப்பதில்லை. வாரத்தில் 3 நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள், பாரப் பயிற்சி. மற்ற நாட்களில் 20 முதல் 30 நிமிடம் நடை.

எல்லாவற்றுக்கும் அடிப்படை நாற்காலி எழுச்சி. பாதங்களைத் தோள் அகலத்துக்கு வைத்து, குதிகாலை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுத்துக்கொள்ளுங்கள். மூக்கு கால் விரலுக்கு நேராக வரும் வரை முன்னால் சாய்ந்து, குதிகாலை அழுத்தி எழுங்கள். எழும்போது எண்ணை வாய்விட்டுச் சொல்லுங்கள்: ஒண்ணு, ரெண்டு. எண்ணிக்கொண்டே மூச்சை அடக்க முடியாது. மூச்சடக்கித் தம் பிடித்தால் அந்தக் கணமே பிபி எகிறும், இதய நோயாளிக்கு அதுதான் ஆபத்து. இறங்கும்போது 3 விநாடி எடுத்து மெதுவாக இறங்க வேண்டும். தொப்பென்று உட்கார்ந்தால் பாதிப் பலன் போச்சு. பாரத்தைத் தாங்கி இறக்குவதும் தசைக்கு வேலைதான். முழங்கால்கள் உள்பக்கம் மடங்கி ஒன்றோடொன்று முட்டினால், தொடையின் பக்கத்துத் தசை பலமில்லை என்று அர்த்தம். முழங்கால்களைக் கால் விரல்களுக்கு நேராக, வெளிப்பக்கம் தள்ளியபடியே செய்யுங்கள்.

எழ முடியாதவர் நாற்காலியில் மடித்த போர்வையைப் போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளலாம். முதல் இரண்டு வாரம் 8 தடவை, ஒரே சுற்று. மூன்றாவது வாரம் 2 சுற்று, நடுவில் 2 நிமிடம் ஓய்வு. ஐந்தாவது வாரத்தில் 10 தடவை, 3 சுற்று. கடைசி இரண்டு தடவையும் சிரமமே இல்லாமல் போனால், ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளுங்கள். அது ஏறக்குறைய 1 கிலோ. பிறகு 2 லிட்டர். வருடம் முழுக்க அதே 8 தடவையில் நிற்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. பாரம் கூடாவிட்டால் தசை, "இது பழக்கமான வேலைதானே" என்று அப்படியே இருந்துவிடும்.

ஆடுசதைக்குக் குதிகால் தூக்கல். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு (அடுப்பு அணைந்திருக்கட்டும்) இரண்டு குதிகாலையும் தூக்கி, 1 விநாடி நிறுத்தி, 3 விநாடியில் இறக்குங்கள். 10இல் தொடங்கி 20 வரை. கை, தோளுக்குச் சுவர்த் தள்ளல் 8 தடவை, அரை லிட்டர் பாட்டிலை மடக்கித் தூக்கல் 10 தடவை. இதற்கு மேல் நீட்டி முழக்க ஒன்றுமில்லை.

தொடங்கும் முன் 5 நிமிடம் வீட்டுக்குள்ளேயே நடந்து உடம்பைச் சூடாக்குங்கள். முடித்ததும் சட்டென்று நிற்காமல் இன்னும் 5 நிமிடம் மெல்ல நடங்கள். திடீரென்று நின்றால் இரத்தம் காலில் தேங்கிக் கிறக்கம் வரும், பிபி மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குக் கூடுதலாக. சாப்பிட்ட பிறகு ஒன்றரை மணி நேரம் இடைவெளி வேண்டும்.

எவ்வளவு சிரமம் சரி? பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது. கைக்கடிகாரம் காட்டும் நாடித்துடிப்பை வைத்துக் கணக்குப் போட வேண்டாம். துடிப்பை அடக்கும் மெட்டோப்ரோலால், பைசோப்ரோலால் போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்குத் துடிப்பு அவ்வளவாக ஏறாது. "நூறுகூடத் தாண்டலையே" என்று இன்னும் வேகமெடுத்து மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு.

நடைக்கு நெல்லையப்பர் கோயில் பிராகாரம் நல்ல இடம். சமதளம், நிழல், உட்காரத் திண்டு. சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்கள் வெயில் ஏறிய கல்லில் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. குறுக்குத்துறைப் படித்துறையில் ஏறி இறங்குவது படிப் பயிற்சிக்கு ஆசை காட்டும், ஆனால் பாசி பிடித்த படி வேண்டாம். வீட்டு மாடிப்படி போதும். சித்திரை, வைகாசியில் காலை 7 மணிக்குள் முடித்துவிடுங்கள். நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்களுக்கு அந்த வெயிலில் உப்பும் நீரும் சேர்ந்து இறங்கிப் பிபி விழும்.

பீடி சுற்றும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை

முக்கூடல், மேலப்பாளையம், ஆலங்குளம் பக்கம் மடியில் சுளவை (முறத்தை) வைத்துக்கொண்டு காலை முதல் மாலை வரை உட்காரும் பெண்களுக்கு மேலே சொன்ன தனி நேரமெல்லாம் கிடைக்காது. கட்டுக்கு 25 பீடி. இரண்டு கட்டு முடிந்ததும் சுளவை இறக்கி வைத்து எழுந்து நின்று, சுவரைப் பிடித்துக் குதிகாலை 10 தடவை தூக்கி இறக்குங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது. நாளைக்கு ஆயிரம் சுற்றுகிறவர் 40 கட்டு போடுகிறார்; 20 முறை எழுந்தால் 200 தடவை ஆயிற்று. பத்தமடையில் பாய் நெய்கிறவர்களுக்கும் கடை கல்லாவில் உட்காருகிறவர்களுக்கும் இதே கணக்குதான்.

தட்டில் எவ்வளவு

பாரம் தூக்கினால் மட்டும் தசை வராது, கட்டச் செங்கல் வேண்டும். வயதானவர்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் தேவை. 60 கிலோ உள்ளவருக்கு 60 முதல் 72 கிராம். இதை மூன்று வேளைக்கும் பிரிக்க வேண்டும். நம் வீடுகளில் மத்தியானம் மட்டும் மீனோ பருப்போ இருக்கும், காலையும் இரவும் வெறும் மாவுதான். ஒரு தம்ளர் அரிசிக் கஞ்சியில் 2, 3 கிராம் புரதம்கூடத் தேறாது. மூன்று இட்லியில் சுமார் 6 கிராம்.

அதனால் காலையில் 3 இட்லியோடு ஒரு கிண்ணம் கெட்டிச் சாம்பார், ஒரு முட்டை, 200 மில்லி பால் என்று வைத்தால் 21 கிராம் வரும். மத்தியானம் சோற்றைக் கைப்பிடி குறைத்து 100 கிராம் மீன், ஒரு கிண்ணம் தயிர் என்றால் 27. தூத்துக்குடியிலிருந்து வரும் சாளை மலிவு, புரதமும் நல்ல கொழுப்பும் உள்ளது. குழம்பாக வையுங்கள், எண்ணெயில் பொரிக்காதீர்கள். கருவாடு வேண்டவே வேண்டாம், அது மீனைவிட உப்பு. சைவக்காரர்கள் 40 கிராம் பருப்பில் கெட்டியாகக் கூட்டு, 40 கிராம் கொண்டைக்கடலையில் சுண்டல், தயிர் என்று வைத்தால் 25 கிட்ட வரும்.

இரவுக்கு நம் ஊர் உளுந்தம்பருப்புச் சோற்றை மிஞ்ச ஆளில்லை. தொலி உளுந்து 25 சதவீதம் புரதம். அரிசி இரண்டு பங்கு, உளுந்து ஒரு பங்கு என்பது வழக்கம். ஒரு ஆளுக்கு அரிசி 50 கிராம், உளுந்து 40 கிராம் என்று மாற்றுங்கள். வெந்தயமும் பூண்டும் வழக்கம்போல, தேங்காய் மட்டும் பாதி. 15 கிராம் எள்ளில் துவையல். இதில் மட்டும் 16 கிராம். மேலே ஒரு தம்ளர் பால் சேர்த்தால் 22. சொதிக்குக் கெட்டித் தேங்காய்ப்பாலைக் குறைத்துப் பாசிப்பருப்பைக் கூட்டலாம். கல்யாண மறுவீட்டுச் சொதிக்கு இந்த விதி வேண்டாம், அது வருடத்துக்கு ஒருநாள். அல்வாவும் கோதுமைதானே என்று கணக்கில் சேர்க்காதீர்கள், அதில் இருப்பது மாவுச்சத்தும் சீனியும் நெய்யும். டப்பாவில் வரும் மால்ட் பானங்களில் பெரும்பாலானவையும் அப்படித்தான்.

புரதத்தைக் கூட்டும் முன் ஒரு இரத்தப் பரிசோதனை: கிரியேட்டினின். சிறுநீரகம் பழுதடைந்தவர்களுக்கு மேலே சொன்ன கணக்கு பொருந்தாது. அளவை மருத்துவரே சொல்ல வேண்டும். தண்ணீருக்கு அளவு வைக்கப்பட்டவர்கள் பால், மோர், ரசம், கஞ்சி எல்லாவற்றையும் அந்த அளவுக்குள் சேர்க்க வேண்டும். உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள்; ஊறுகாயும் அப்பளமும் வடகமும் அதற்குள் அடக்கம். பசி இல்லாதவருக்கு ஒரே தட்டில் திணிக்காமல் ஐந்து வேளையாகப் பிரித்துக் கொடுங்கள்.

மாத்திரையால் வரும் குழப்பங்கள்

கொழுப்பு மாத்திரை எடுக்கும்போது இரண்டு தொடையும் சேர்ந்து வலித்தால் தானாக நிறுத்தாதீர்கள். மருத்துவரிடம் சொன்னால் சிகே என்ற இரத்தப் பரிசோதனை பார்த்து அளவைக் குறைப்பார், அல்லது மருந்தை மாற்றுவார். புதிதாகப் பயிற்சி தொடங்கியவருக்கு வரும் வலி இரண்டு மூன்று நாளில் போய்விடும். மாத்திரையால் வரும் வலி போகாது. சிறுநீர் டீத்தண்ணீர் நிறத்தில் போனால் அன்றே ஆஸ்பத்திரி.

நீர் பிரியும் மாத்திரையால் இரவில் கெண்டைக்கால் குரக்கு பிடித்தால் பொட்டாசியம் பாருங்கள். குறைந்திருக்கும் என்று நீங்களே இளநீரைக் குடிக்கத் தொடங்க வேண்டாம். ஸ்பைரனோலாக்டோன் போன்ற சில நீர் மாத்திரைகளில் அது கூடிப் போயிருக்கவும் செய்யலாம், அது இதயத் துடிப்பையே குழப்பும். சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதிலும் பொட்டாசியம்தான் இருக்கிறது. வால்வு மாற்றி, இரத்தம் உறையாமல் தடுக்கும் அசிட்ரோம், வார்ஃபரின் எடுப்பவர்கள் திடீரென்று தினமும் கீரை என்று மாறக் கூடாது. எவ்வளவு சாப்பிட்டு வந்தீர்களோ அதே அளவு.

மறுபடி அளப்பது

நாற்காலிச் சோதனையில் முன்னேற்றம் 4 முதல் 6 வாரத்தில் தெரியும், ஏனென்றால் முதலில் பழகுவது நரம்பு. கெண்டைக்கால் சுற்றளவு அரை செ.மீ. கூட 3 மாதம் ஆகலாம். டேப்பைப் பார்த்து ஒரு மாதத்தில் விட்டுவிடாதீர்கள். இதயம் பலவீனமானவர்கள் எடையைத் தினமும் காலையில் சிறுநீர் கழித்துவிட்டு, சாப்பிடும் முன் பார்க்க வேண்டும். சாப்பாடும் பயிற்சியும் ஒழுங்காக இருந்தும் வருடத்தில் 5 சதவீதத்துக்கு மேல், அதாவது 60 கிலோ உள்ளவருக்கு 3 கிலோவுக்கு மேல் இறங்கினால் அது சோம்பலால் வந்ததில்லை. எக்கோ, சர்க்கரை, தைராய்டு, காசநோய் எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள்.

படுக்கையிலேயே இருப்பவர்களுக்கு, 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வருகிறது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். போகும்போது நாள்காட்டியில் எழுதிய அந்த எண்களையும் கொண்டு போங்கள்: கெண்டைக்கால் எத்தனை செ.மீ., ஐந்து எழுச்சிக்கு எத்தனை விநாடி, என்றைக்கு அளந்தது.